வாயிற்காவலனும் பதிவேடும்

நான் பள்ளியிற் சேர்ந்த நாளில் என் வயதுக்குச் சான்றாக நின்றது என் வலக்கையே. தலைமையாசிரியர் என்னை மேசைக்கு முன் நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடுமாறு பணித்தார். விரல் நுனி காதைத் தொட்டது. “ஐந்து நிரம்பிவிட்டது” என்று தீர்ப்புக் கூறிவிட்டு, பேனாவை எடுத்துப் பதிவேட்டில் ஒரு பிறந்த நாளை எழுதினார். அந்த நாளை அவர் எங்கிருந்து பெற்றார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் என் வயதொத்த பிள்ளைகள் பலர்க்கும் ஜூன் மாதத்து முதல் நாளே பிறந்த நாளாக அமைந்தது என்பதை மட்டும் அறிவேன். பின்னாளில் நானே தலைமையாசிரியனாகி அத்தகைய பதிவேடுகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றபோதுதான் அந்தப் பேனாவின் வலிமை எனக்குப் புலனாயிற்று. காதைத் தொட்ட கையை அன்றே யாவரும் மறந்துவிட்டனர். எழுதிய நாளோ என்னைப் பள்ளியிறுதித் தேர்வுக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும், இறுதியில் ஓய்வுக்கும் பின்தொடர்ந்து வந்தது.

வயதை ஆராய்தல் வேறு. ஆராய்ந்ததை எழுதிவைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், அண்மை ஆண்டுகளில் மேனாடுகளில் எழுந்திருக்கும் ஒரு பெரும் வழக்கினை மாணவ நேயர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இணையத்தில் சில தளங்களைக் காண விரும்புவோர் முதலில் தம் வயதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டங்கள் பல நாடுகளில் வந்துள்ளன. சிறுவரைக் காக்க அவை வேண்டும் என்பார் ஒருசாரார்; நம் அந்தரங்கத்தை அவை விழுங்கிவிடும் என்பார் மற்றொருசாரார். இவ்வழக்கின் வரலாற்றை அறிவதற்கு இங்கிலாந்தைவிடப் பொருத்தமான நாடு இல்லை என்பது என் கருத்து. “உன் சீட்டைக் காட்டு” என்று அரசு கேட்பதும், மக்கள் சினந்து எழுவதும் அந்நாட்டிற்குப் புதியன அல்ல.

1939 செப்டம்பர் மாதத்தில் போர் மூண்டவுடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேசியப் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதம் 29ஆம் நாள் வீடுதோறும் கணக்கெடுத்து, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணும் ஓர் அடையாளச் சீட்டும் வழங்கினர். படைக்கு ஆள் எடுத்தல், நாட்டின் பாதுகாப்பு, உணவுப் பங்கீடு ஆகிய மூன்றே அதன் நோக்கங்கள் என்று கூறப்பட்டது. போர்க்காலமாதலின் மக்கள் முணுமுணுக்கவில்லை. 1945இல் போர் முடிந்தது, சீட்டு முடியவில்லை. நெருக்கடி நிலை நீங்கியதென்று முறைப்படி அறிவித்தால்தான் சட்டம் காலாவதியாகும். அவ்வறிவிப்பை எவரும் வெளியிடவில்லை. இதற்கிடையே அந்தப் பதிவேட்டின் பயனை அரசின் பல துறைகளும் கண்டுகொண்டன. மூன்று நோக்கங்களுக்காகத் தொடங்கிய ஏட்டினை 1950ஆம் ஆண்டளவில் 39 அலுவலகங்கள் பயன்படுத்தி வந்தன என்பர். அலுவலக இயல்பை அறிந்தவர்க்கு இதில் வியப்பேதும் இராது. ஆயத்தமாக ஓர் ஏடு கிடைக்குமாயின், புதிதாக ஒன்று எழுத முற்படும் குமாஸ்தா எந்த நாட்டிலும் இல்லை.

1950 டிசம்பர் 7ஆம் நாள் வடலண்டனைச் சார்ந்த பின்ச்லி என்னுமிடத்தில் கிளாரன்ஸ் வில்காக் என்பவர் தம் மோட்டார் காரை ஓட்டிச் சென்றார். சலவை நிறுவனம் ஒன்றன் மேலாளர் அவர். லிபரல் கட்சியைச் சேர்ந்தவர். ஹெரால்டு மக்கிள் என்னும் காவலர் வண்டியை நிறுத்தி, அடையாளச் சீட்டைக் காட்டுமாறு கேட்டார். வில்காக் மறுத்தார். தாம் லிபரல் கட்சியினர் என்றும், இத்தகைய முறைக்குத் தாம் எதிரானவர் என்றும் சொன்னார். இரண்டு நாட்களுக்குள் காவல் நிலையத்திற் காட்டுமாறு ஒரு படிவத்தைக் காவலர் நீட்டினார். அதற்கும் அவர் இணங்கவில்லை. வழக்குத் தொடரப்பட்டது. நடுவர் மன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டது. ஆயினும் தண்டனை ஏதுமின்றி விடுவித்தது.

மேல்முறையீட்டில் வில்காக் தோற்றார். ஆனால் தோல்வி அவர்க்குத்தானா என்பதே கேள்வி. 1951 ஜூன் மாதத்தில் தலைமை நீதிபதி காடர்டு பிரபுவும் உடனிருந்த நீதிபதிகளுமாக எழுவர் இவ்வழக்கைக் கேட்டனர். நெருக்கடி முடிந்ததாக அறிவிப்பு இன்மையின் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. எனவே தீர்ப்பு நிலைக்கும் என்றனர். அம்மட்டோடு அமையாமல், போர்க்காலப் பாதுகாப்பிற்கென இயற்றிய சட்டத்தைக் கொண்டு சாலையிற் செல்வோரிடமெல்லாம் சீட்டைக் கேட்பது சட்டத்திற்கு அடங்கி நடக்கும் குடிமக்களையே சட்டத்தை மீறியோராக்கிவிடும் என்றும், காவல்துறைக்கு உதவ வேண்டிய மக்களின் உள்ளத்தில் கசப்பை வளர்க்கும் என்றும் தலைமை நீதிபதி கண்டித்துரைத்தார். அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பும், குடிமகனின் பக்கம் நியாயமும் நின்ற இவ்வழக்கினைச் சட்டக் கல்லூரி மாணவர் தேடிப் படித்தல் நன்று. அவ்வாண்டு இறுதியில் ஆட்சி மாறியது. 1952 பிப்ரவரி 21ஆம் நாள், இனி எவரும் சீட்டை உடன்கொண்டு திரிய வேண்டுவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தனர்.

அதே 1951ஆம் ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பார் அரியர். பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கைக் குழு அவ்வாண்டு ஜனவரியில் ‘எக்ஸ்’ என்னும் புதிய சான்றிதழை ஏற்படுத்தியது. அச்சான்று பெற்ற படத்திற்குப் பதினாறு வயது நிரம்பாதவரை உள்ளே விடலாகாது. அரங்கின் வாயிலில் நின்ற காவலன் வருவோரின் முகத்தைப் பார்த்தான். ஐயமெழுந்தால் ஓரிரு கேள்விகள் கேட்டான். விட்டான், அல்லது தடுத்தான். ஏமாற்றி உள்ளே நுழைந்த சிறுவர் பலர் இருந்திருப்பர். காலணியின் குதி உயரமும் மழிக்காத மீசையும் அவர்க்கு உதவியிருக்கும். ஆயினும் அடையாளச் சீட்டை எதிர்த்த அதே மக்கள் இவ்வாயிற்காவலனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ததாக வரலாறு இல்லை. காரணம் எளிது. இன்னார் இன்ன படத்தை இன்ன நாளில் பார்த்தார் என்று அவன் எழுதிவைக்கவில்லை. அடுத்த ஆள் வந்தவுடன் முந்தியவனை அவன் மறந்துபோனான்.

சீட்டு ஒழிந்தாலும் பதிவேடு ஒழிந்ததா? இல்லை. 1948இல் தொடங்கிய தேசிய மருத்துவப் பணி அதே ஏட்டையும் அதே எண்களையும் எடுத்துக்கொண்டது. பல்லாண்டுகள் கழிந்தபின், 2015ஆம் ஆண்டில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1939ஆம் ஆண்டுப் பதிவேடு கணிப்பொறி வழியே தம் முன்னோரை ஆராய்வோர்க்குத் திறந்துவிடப்பட்டது. நூறாண்டு நிரம்பாது உயிரோடிருக்கக் கூடியவர்களின் வரிகளை மட்டும் மறைத்துவைத்தனர். போர் மூண்ட மாதத்தில் தம் பெயரையும் பிறந்த நாளையும் தொழிலையும் கூறிய எந்த இல்லத்தரசியும், முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அயலார் தம் வரியைப் படிப்பர் என்று எண்ணியிருக்கமாட்டார். இதனால் அவர்க்குத் தீங்கொன்றும் நேரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதப்பட்டது எத்துணைக் காலம் வாழும் என்பதற்கே இதனைச் சொன்னேன்.

இந்த நூற்றாண்டில் அடையாளச் சீட்டு மீண்டும் தலைதூக்கிற்று. டோனி பிளேர் தலைமை அமைச்சராயிருந்தபோது 2006இல் அதற்கெனச் சட்டம் வந்தது. கைரேகையும் முக அடையாளமும் அடங்கிய மையப் பதிவேடு ஒன்றை அமைப்பது திட்டம். எதிர்ப்பு கிளம்பியது, ஆனால் அவ்வெதிர்ப்புக்கு வலுவூட்டியது மேடைப் பேச்சன்று, ஒரு தபால் உறை. 2007ஆம் ஆண்டில் வரி, சுங்கத் துறையின் அலுவலகம் ஒன்றிலிருந்து தணிக்கை அலுவலகத்திற்கு இரண்டு கணிப்பொறித் தகடுகளை அனுப்பினர். குழந்தைகளுக்கு அரசு அளிக்கும் உதவித்தொகை பற்றிய விவரங்கள் அவற்றில் இருந்தன. ஏறக்குறைய 2 கோடியே 50 லட்சம் மக்களின் பெயர், முகவரி, பிறந்த நாள், பலருடைய வங்கிக் கணக்கு எண் ஆகியன அவற்றுள் அடக்கம். தகடுகள் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை. நவம்பர் 20ஆம் நாள் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து இதனை ஒப்புக்கொள்ள நேர்ந்தது; துறைத் தலைவர் பதவி விலகினார். கள்வன் எவனும் வரவில்லை, பகைவன் படையெடுக்கவில்லை. சிறுவர் நலனுக்காகத் தொகுத்த விவரம் அலுவலகச் சோர்வினால் தொலைந்தது. இதன்பின், “எங்கள் கைரேகையையும் உங்களிடமா ஒப்படைப்பது?” என்று கேட்டவர்க்கு விடை கூறுவது அரசுக்கு எளிதாயில்லை. 2010இல் புதிய ஆட்சி அச்சட்டத்தை நீக்கிற்று. 2011 பிப்ரவரியில் பதிவேடு இருந்த கணிப்பொறித் தட்டுகளை ஓர் அமைச்சர் தம் கையாலேயே அரைக்கும் இயந்திரத்தில் இட்டுப் பொடியாக்கினார்.

இணையத்திற்கு வருவோம். சிறுவர் கண்ணிற்படலாகாத படங்களைக் காட்டும் தளங்கள் பார்வையாளரின் வயதை ஆராய வேண்டுமென 2017ஆம் ஆண்டின் மின்னியல் பொருளாதாரச் சட்டம் விதித்தது. அதனைக் கண்காணிக்க 2018இல் நியமிக்கப்பெற்றது எது தெரியுமா? 1951இல் ‘எக்ஸ்’ சான்று தந்த அதே திரைப்படக் குழுவேதான்! ஆயினும் வாயிற்காவலனை இணையத்தில் நிறுத்துவது எங்ஙனம்? அங்கே முகம் பார்த்து மறப்பவன் எவனும் இல்லை. பார்ப்பதே பதிவாகும் இடம் அது. கடன் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடையில் விலைக்கு வாங்கும் சிறப்புச் சீட்டு எனப் பலவற்றை ஆலோசித்தனர். 2019 ஜூலை 15ஆம் நாள் நடைமுறைக்கு வரும் என்றனர். ஐரோப்பிய ஆணையத்திற்கு முறைப்படி அறிவிக்கத் தவறியமையால் அந்நாள் தள்ளிப்போயிற்று. அக்டோபரில் அத்திட்டமே கைவிடப்பட்டது.

எனினும் சிக்கல் தானே மறைந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மனச்சோர்வையும் தற்கேட்டையும் பற்றிய எண்ணற்ற படங்களும் எழுத்துகளும் அவள் கேளாமலே சமூக ஊடகங்கள் வழியாக அவள் கைப்பேசிக்கு வந்து குவிந்திருந்தன. அவள் இறப்பில் அவற்றிற்கும் அற்பமெனத் தள்ளவொண்ணாத பங்கு உண்டு என 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில் இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தரங்கம் பற்றி நூலறிவோடு வாதிடுவோர் இந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்து வாதிட வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் வெறும் வேவுக்காரர் என்று பழிப்பது நேர்மையன்று.

2023 அக்டோபர் 26ஆம் நாள் இணையப் பாதுகாப்புச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. ஆப்காம் என்னும் தொடர்புத்துறைக் கண்காணிப்பு அமைப்பிடம் அதனை ஒப்படைத்தனர். கீழ்ப்படியாத நிறுவனத்திற்கு 1 கோடியே 80 லட்சம் பவுன், அல்லது அதன் உலக வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை தண்டம் விதிக்கலாம். 2025 ஜூலை 25ஆம் நாள் வயதாய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ‘எனக்குப் பதினெட்டு நிரம்பிவிட்டது’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருந்த காலம் அன்றோடு முடிந்தது. முகத்தைப் படம்பிடித்து இயந்திரத்தால் வயதை மதிப்பிடுதல், கடவுச்சீட்டு முதலிய ஆவணத்தைக் காட்டுதல், வங்கி வாயிலாக உறுதிசெய்தல் எனப் பல வழிகள் வகுக்கப்பட்டன.

மக்கள் என்ன செய்தனர்? முதலாவதாக, மதிலைச் சுற்றிக்கொண்டு போயினர். வி.பி.என். என்னும் செயலிகள், ஒருவர் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார் என்பதை மறைக்க வல்லன. அந்த வாரத்தில் பிரிட்டனில் மிகுதியாக இறக்கிக்கொள்ளப்பட்ட செயலிகளுள் அவை முன்னணியில் நின்றன. இளைஞர் சிலர் கணிப்பொறி விளையாட்டு ஒன்றன் கதைமாந்தனுடைய முகத்தையே முகமாய்வுக் கருவிக்குக் காட்டி ஏமாற்றினர். ஐம்பத்தொன்றாம் ஆண்டின் மழிக்காத மீசையே இங்கு வேறுருவில் வந்தது எனலாம்! இரண்டாவதாக, சட்டத்தை நீக்குமாறு நாடாளுமன்றத்திற்கு விடுத்த விண்ணப்பத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். நீக்கும் எண்ணம் இல்லையென அரசு விடையிறுத்தது. சட்டத்தை நீக்க விரும்புவோர் சிறுவரை வேட்டையாடுவோர் பக்கம் நிற்பவர் என்று பொறுப்பமைச்சரே சொன்னார். அச்சொல் எனக்கு உடன்பாடன்று; வில்காக்கை எவரும் அவ்வாறு இழித்துரைத்ததாக நான் படித்ததில்லை.

ஒன்றை மறைக்கலாகாது. அந்நாட்களில் கருத்தறிந்த நிறுவனத்திடம் பத்தில் ஏழு பேரை ஒட்டியவர் இவ்விதிகளை ஆதரிப்பதாகவே கூறினர். ஆனால் இவை உண்மையிற் பயன்தரும் என்று நம்பியவர் தொகை அதனினும் மிகக் குறைவு. வேண்டும் என்பர், நடக்காது என்பர். இம்மனநிலையைப் பெற்றோர் கூட்டங்களில் நான் நன்கு கண்டிருக்கிறேன்.

மாணவர்கள் நாள்தோறும் புரட்டும் விக்கிப்பீடியாவும் இவ்வழக்கில் இழுக்கப்பட்டது. பெரிய தளங்களுக்குரிய மிகக் கடுமையான கடமைகள் தன்மேற் சுமத்தப்படுமாயின், பெயர் மறைத்து எழுதும் தொண்டர்களின் அடையாளத்தை ஆராய நேரும் என அதனை நடத்தும் அமைப்பு உயர்நீதிமன்றத்தை அணுகிற்று. 2025 ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆயினும் விக்கிப்பீடியாவின் பணியைப் பெரிதும் முடக்குவதற்கு இத்தீர்ப்பை இசைவாகக் கொள்ளலாகாது என நீதிபதி எச்சரித்தார். 1951இன் எதிரொலி இதில் கேட்கிறது.

அக்டோபர் மாதத் தொடக்கத்தில், அஞ்சியது நிகழ்ந்துவிட்டமை வெளிப்பட்டது. டிஸ்கார்டு என்பது இளைஞர் பலர் உரையாடும் ஒரு தளம். அதன் வாடிக்கையாளர் குறைகளைக் கவனித்துவந்த வெளி நிறுவனம் ஒன்றன் ஏடுகள் களவாடப்பட்டன. உலகெங்கும் சுமார் 70,000 பயனாளரின் அடையாள ஆவணப் படங்கள் அவற்றுள் அகப்பட்டிருக்கலாம் என டிஸ்கார்டு அறிவித்தது. அப்படங்கள் எவ்வாறு அங்குச் சென்றன? ‘உனக்கு வயது போதாது’ என்று இயந்திரம் தடுத்தபோது, ‘போதும்’ என்று முறையிட்டு அவர்கள் அனுப்பியவை. விதியை ஏய்த்தவனிடம் களவாட ஒன்றுமில்லை. விதிக்கு அடங்கி ஆவணம் காட்டியவனே இழந்தான். இவ்வழக்கு முழுவதிலும் என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுவே.

பிற நாடுகளைச் சுருங்கச் சொல்கிறேன். அமெரிக்காவில் இதுபோன்ற சட்டத்தை உச்சநீதிமன்றம் 1997இல் பேச்சுரிமைக்கு மாறானதென்று தள்ளிற்று. 2025 ஜூனில் டெக்ஸாஸ் மாநிலத்தின் வயதாய்வுச் சட்டத்தை அறுவர்க்கு மூவர் என்ற கணக்கில் அதே நீதிமன்றம் ஏற்றது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10ஆம் நாள் முதல், பதினாறு வயது நிரம்பாதோர் பெரிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் கடமையை அந்நிறுவனங்களின்மேல் சுமத்தியது. அச்சட்டத்தில் எனக்குப் பிடித்த கூறுகள் இரண்டு உண்டு: அரசு ஆவணம் ஒன்றையே வழியாகக் காட்டி வற்புறுத்தலாகாது, வயதை அறியத் திரட்டிய விவரத்தை அப்பணி முடிந்தவுடன் அழித்துவிட வேண்டும். வாயிற்காவலனின் மறதியைச் சட்டத்தில் எழுதிவைக்கும் முயற்சி இது. அழித்தனரா என்பதை எவர் பார்ப்பது என்னும் கேள்வி எஞ்சிநிற்கிறது.

நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் புட்டசாமி என்னும் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி. 2023இல் மின்னியல் தனிவிவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதினெட்டு நிரம்பாத எவருடைய விவரத்தைக் கையாளவும், மெய்ப்பிக்கத்தக்க வகையில் பெற்றோரின் இசைவைப் பெறுதல் வேண்டும் என அது கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இக்கடமை பதினெட்டு மாத அவகாசத்திற்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அமைத்திருக்கின்றனர். பிள்ளை சிறியவன் என்பதை அறிய வேண்டுமாயின், பெரியவர் யார் என்பதையும் அறிந்தாக வேண்டும்; ஆகவே தாயோ தந்தையோ தம் வயதையும் அடையாளத்தையும் அங்கே மெய்ப்பிக்க நேரும். இதனை இப்போது படிக்கும் கல்லூரி மாணவர் பலர்க்கு அதற்குள் பதினெட்டு நிரம்பியிருக்கும். அவர்கள் தம் சான்றைத் தாமே காட்டுவர். பள்ளியிற் படிக்கும் அவர்தம் தம்பி தங்கையர்க்காக வீட்டிலுள்ள பெரியவர்கள் கைப்பேசியைக் கையிலெடுத்து, என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், கேட்டதை எங்கே வைப்பார்கள் என்று பிள்ளைகளிடமே விசாரிப்பார்கள்.